கண்ணுக்குச் சாய ஊசியா, ஊசியில்லாத ஸ்கேனா?

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். அப்பாவுக்கு 63 வயது. இனிப்புநீர் (நீரிழிவு) வந்து பதினான்கு வருடம். வலது கண் திடீரென்று மங்கிப்போக, அரசு மருத்துவமனைக் கண் கிளினிக்கில் பார்த்துவிட்டு, கையில் சாயம் ஏற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேறு, "தனியாரில் ஊசியே இல்லாமல் இரத்தக் குழாயைப் படம் எடுக்கிற மெஷின் இருக்கு, அங்கே போங்க" என்று சொல்லிவைக்க, வீட்டில் இரண்டு கட்சி. "அக்கா, ஊசி இல்லாததுதானே நல்லது? காசு கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

நான் பினாங்கில் கண் கிளினிக்கில் இருபது வருடத்துக்கு மேல் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வு பெற்றவள். அந்த மஞ்சள் சாயத்தை எத்தனை கைகளில் ஏற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. முன்பெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும் "வலிக்குமா மிஸ்ஸி?" என்று மட்டும்தான் கேட்பார்கள். ஊசியில்லாத மெஷின்கள் வந்த பிறகு கேள்வி மாறிவிட்டது: "எது நல்லது?"

நம் ஆட்களுக்கு இது சின்ன விஷயமும் இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. அதாவது உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் என்றைக்காவது அந்த மெஷினில் தாடையை வைக்கத்தான் போகிறார்.

## எதை வைத்து எடை போடுவது

பழைய தோட்ட வீட்டில் சுவர் ஊறிப்போனதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கறை தெரிகிறது. சுவர் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று அளந்து பார்க்கலாம். எந்தக் குழாயில் தண்ணீர் ஓடுகிறது, எதில் ஓடவில்லை என்றும் கண்டுபிடிக்கலாம். ஆனால் எந்த மூட்டு சொட்டுகிறது என்று தெரிய வேண்டுமானால், தண்ணீரில் வண்ணம் கலந்து விட்டுவிட்டு அது எங்கே வெளியே வருகிறது என்று காத்திருக்க வேண்டும்.

கண்ணின் பின்சுவரில், விழித்திரையில், நடப்பதும் ஏறக்குறைய இதுதான். கறை, உப்பல், ஓட்டம், கசிவு. இந்த நான்கையும் ஒரே சோதனை சரியாகக் காட்டுவதில்லை. அதனால் முதல் அளவுகோல்: டாக்டர் எதைத் தேடுகிறார்? என்னைக் கேட்டால் பாதி முடிவு இதிலேயே வந்துவிடும்.

இரண்டாவது, உடம்புக்குள் என்ன போகிறது, அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா. மூன்றாவது, கண்ணின் எவ்வளவு பரப்பு படத்தில் விழுகிறது. நடுப்பகுதி மட்டுமா, ஓரமும் சேர்த்தா. நான்காவது, திரும்பத் திரும்ப எடுக்க முடியுமா. கடைசியாகப் பணமும் நேரமும். இதில் கவுண்டரில் கட்டுகிற காசைவிட, யாரும் சொல்லாத செலவுகள்தான் கையைக் கடிக்கும்.

| | சாதாரண விழித்திரைப் படம் | ஊசியில்லாத ஸ்கேன் (ஓ.சி.டி., ஓ.சி.டி. ஆஞ்சியோ) | மஞ்சள் சாயம் (ஃப்ளோரசீன்) | பச்சைச் சாயம் (ஐ.சி.ஜி.) |
|---|---|---|---|---|
| நன்றாகக் காட்டுவது | கறை, இரத்தப் புள்ளிகள் | உப்பல், ஓட்டம் | கசிவு, அடைப்பு, புதிதாக முளைத்த குழாய் | விழித்திரைக்கு அடியில் உள்ள குழாய்கள் |
| ஊசி | இல்லை | இல்லை | கை நரம்பில் | கை நரம்பில் |
| படம் எடுக்கும் நேரம் | ஓரிரு நிமிடம் | சில நிமிடம் | 10 முதல் 20 நிமிடம் | அரைமணி வரை |
| அடிக்கடி எடுக்கலாமா | தாராளமாக | தாராளமாக | தேவைப்பட்டால் மட்டும் | தேவைப்பட்டால் மட்டும் |
| சொல்லாத செலவு | சொட்டு மருந்து, மங்கலான அரைநாள் | தனியார் கட்டணம். பிறகும் சாயம் தேவைப்படலாம் | துணைக்கு ஆள், லீவு, மஞ்சள் தோல் | துணைக்கு ஆள், கிடைக்கும் இடங்கள் குறைவு |

## சாதாரண விழித்திரைப் படம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய கேமரா, ஒரு வெளிச்சம், முடிந்தது. வீட்டுக்குப் பக்கத்துச் சுகாதார கிளினிக்குகள் பலவற்றிலேயே எடுக்கிறார்கள். இரண்டாம் வகை இனிப்புநீர் என்றால், நோய் தெரிந்த அன்றைக்கே இந்தச் சோதனைக்கும் எழுதிவிட வேண்டும். பார்வை நன்றாக இருக்கிறதே என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் கடைசியில் எங்கள் கிளினிக்கில் வந்து உட்காருவார்கள். விழித்திரை கெட ஆரம்பிக்கும்போது வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது.

கண்ணில் கோளாறு எதுவும் தெரியாதவர்களுக்கு இந்தப் படமே போதும். இது வடிகட்டி மாதிரி. சந்தேகம் வந்தால்தான் அடுத்த படிக்கு அனுப்புவார்கள்.

## ஊசியில்லாத ஸ்கேன்: ஓ.சி.டி., ஓ.சி.டி. ஆஞ்சியோ

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மெஷின் இதுதான். ஆனால் இதில் இரண்டு உண்டு; ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றை நினைத்துக்கொள்வது சாதாரணம்.

வெறும் ஓ.சி.டி. என்பது ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து விழித்திரையைக் கேக்கை வெட்டிக் காட்டுவதுபோல அடுக்கடுக்காகக் காட்டுவது. 1991இல் முதன்முதலாக வெளிவந்த முறை. நடுவிழித்திரை எத்தனை மைக்ரான் உப்பியிருக்கிறது என்று எண்ணாகவே சொல்லிவிடும். இனிப்புநீரால் வரும் வீக்கத்துக்குக் கண்ணுக்குள் மருந்து ஊசி போடுகிறார்களே, அவர்களை மாதாமாதம் கவனிப்பது இதை வைத்துத்தான். முன்பு அவர்களில் பலருக்குச் சாயமும் ஏற்றியிருப்போம். இன்று அந்த வேலையின் பெரும்பகுதியை ஓ.சி.டி. எடுத்துக்கொண்டுவிட்டது. நல்லதுதான்.

ஓ.சி.டி. ஆஞ்சியோ கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான வேலை. ஒரே இடத்தை மறுபடி மறுபடி ஸ்கேன் செய்து, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கும். திசு அசையாது, குழாய்க்குள் ஓடும் சிவப்பணு மட்டும் அசையும். ஆகவே மாறிய இடத்தையெல்லாம் சேர்த்தால் இரத்தம் ஓடும் குழாய்களின் வரைபடம் கிடைத்துவிடும். மேலடுக்கு, கீழடுக்கு என்று பிரித்தும் பார்க்கலாம். மஞ்சள் சாயப் படத்தில் அது முடியாது. நடுவிழித்திரையில் நுண்குழாய்கள் எங்கே செத்துவிட்டன என்பதை இது மிகத் தெளிவாகக் காட்டும்.

சரி, அப்புறம் சாயம் எதற்கு? இந்த மெஷினுக்கு அசைவுதான் கண். குழாயிலிருந்து மெதுவாகக் கசிந்து திசுவுக்குள் ஊறுகிற திரவம் அதற்குத் தெரியவே தெரியாது. இரத்தம் மிக மெல்ல நகரும் சில புடைப்புகளும் தப்பிவிடும். பரப்பும் சிறியது: 3க்கு 3 மில்லிமீட்டர், 6க்கு 6, புதிய மெஷின்களில் 12க்கு 12 அல்லது இன்னும் கொஞ்சம். இனிப்புநீரில் பல சமயம் தொல்லை தொடங்குவது ஓரங்களில்.

இன்னொன்று, நோயாளி ஒத்துழைக்க வேண்டும். கண்புரை முற்றியவர், கண்ணை ஓரிடத்தில் நிறுத்த முடியாதவர், கழுத்து நடுங்குகிறவர் இவர்களின் படத்தில் கோடு கோடாக விழும். அந்தக் கோட்டை நோய் என்று நினைத்தும் ஏமாறலாம், நோயைக் கோடு என்று நினைத்தும் ஏமாறலாம்.

செலவு விஷயம். குடிமக்களுக்கு அரசு நிபுணர் கிளினிக்கில் ஒரு வருகைக்கு 5 வெள்ளி (ரிங்கிட்). தனியாரில் ஸ்கேன் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு கண்ணுக்கா இரண்டுக்கா, டாக்டர் கட்டணம் தனியா என்று போவதற்கு முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். கையில் மெடிக்கல் கார்டு இருக்கிறதே என்று தைரியமாகப் போகாதீர்கள். அந்த கார்டுகள் பெரும்பாலும் வார்டில் சேர்ந்தால்தான் கட்டும். வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்குக் கட்டாது என்பது பலருக்குக் கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரியவரும். அதைவிடப் பெரிய செலவு, தனியாரில் எடுத்துக்கொண்டு அரசுக் கிளினிக்குக்குத் திரும்பினால், "இதில் நாங்கள் தேடுவது இல்லை, சாயம் ஏற்றித்தான் ஆக வேண்டும்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது. எடுத்தே தீருவேன் என்றால் அச்சடித்த ஒரு தாளோடு வந்துவிடாதீர்கள். எல்லாப் படங்களையும் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள்.

வீக்கத்தைக் கண்காணிக்கவும், நடுப்பகுதியை மட்டும் பார்க்கவும், கர்ப்பிணிக்கும், சாயம் ஒத்துக்கொள்ளாதவருக்கும் இதுவே சிறந்தது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

## மஞ்சள் சாயம்: ஃப்ளோரசீன்

இந்தச் சாயத்தை 1871இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் உண்டாக்கினார். மருத்துவத்துக்காக அல்ல. அடுத்த சில வருடங்களில் அது செய்த பெரிய வேலை ஆற்றில். டான்யூப் நதியின் தண்ணீர் ஜெர்மனியில் ஓரிடத்தில் தரைக்குள் மறைந்துவிடுகிறது. 1877இல் அங்கே பத்துக் கிலோ சாயத்தைக் கொட்டினார்கள். ஏறக்குறைய அறுபது மணிநேரம் கழித்து, மைல்கணக்கில் தள்ளியிருந்த ஆக் ஊற்றில் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்து வந்தது. தோட்ட வீட்டுக் குழாய் உதாரணம் நான் கற்பனை செய்ததில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இந்தச் சாயத்தின் பிறவிக் குணமே அதுதான்.

கண்ணுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் இண்டியானாவில் இரண்டு மருத்துவ மாணவர்கள், நோவோட்னியும் ஆல்விஸும். முதலில் ஆல்விஸின் கையிலேயே ஏற்றிப் படம் எடுத்தார்கள். கண் மருத்துவ இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட, 1961இல் ஓர் இதய மருத்துவ இதழில் அது வெளிவந்தது.

நடப்பது இதுதான். கண்ணில் சொட்டு விட்டுப் பாவையை விரிப்போம். முழங்கை மடிப்பிலோ புறங்கையிலோ சின்ன ஊசி. 500 மில்லிகிராம் சாயம், சில மில்லிலிட்டர்தான், சில வினாடியில் உள்ளே போய்விடும். பத்துப் பதினைந்து வினாடியில் அது கையிலிருந்து இதயம் சுற்றிக் கண்ணுக்கு வந்துவிடும். கேமரா நீல ஒளி வீச, சாயம் பச்சை கலந்த மஞ்சளாகத் திருப்பி ஒளிரும். முதல் ஒரு நிமிடம் கேமரா படபடவென்று எடுத்துத் தள்ளும். அப்புறம் இடைவெளி விட்டு, ஐந்து பத்து நிமிடம் கழித்துக் கடைசிப் படங்கள்.

அந்தக் கடைசிப் படங்களுக்காகத்தான் இத்தனை பாடும். சாயத்தில் எண்பது விழுக்காடு இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். மீதி சுதந்திரமாகத் திரியும். நல்ல விழித்திரைக் குழாய் அதை வெளியே விடாது. கெட்ட குழாய் விடும். முதலில் ஊசிமுனை அளவு தெரிந்த புள்ளி, பத்தாவது நிமிடத்தில் மங்கலான மேகமாகப் பெருகியிருந்தால், மூட்டு எங்கே சொட்டுகிறது என்று பிடிபட்டுவிட்டது. புதிதாக முளைத்த பலவீனமான குழாய்கள் பல்பு போட்டதுபோல் எரியும். இரத்தமே போகாத இடம் கறுப்பாகக் கிடக்கும். அகலக் கோணக் கேமரா இருந்தால் ஓரம்வரை பார்க்கலாம்.

### ஒத்துக்கொள்ளுமா?

ஊசி போட்ட அரை நிமிடத்தில் சிலருக்குக் குமட்டும். பயப்படவே வேண்டாம், மூச்சை இழுத்து விட்டால் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். சிலர் வாந்தியும் எடுப்பார்கள். பக்கத்திலேயே கிண்ணம் வைத்திருப்போம். கொஞ்சம் பேருக்கு அரிப்பு, தடிப்பு வரும். அதற்கு மருந்து உண்டு.

கடுமையான ஒவ்வாமை அபூர்வம், ஆனால் இல்லாததில்லை. 1986இல் வெளியான பெரிய அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றில், கடுமையான விளைவு 1,900 பேருக்கு ஒன்று என்றும், மரணம் 2,22,000 பேருக்கு ஒன்று என்றும் வந்தது. அதனால்தான் இந்தச் சோதனையை அவசர மருந்துத் தள்ளுவண்டி பக்கத்தில் நிற்கும் அறையில் செய்கிறோம். அது இல்லாத அறையில் ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள்.

முன்பே சொல்ல வேண்டியவை: போன தடவை சாயத்துக்கு என்ன ஆனது, ஆஸ்துமா, சமீபத்திய மாரடைப்பு, பீட்டா பிளாக்கர் வகை இரத்த அழுத்த மாத்திரை, கர்ப்பம், தாய்ப்பால். மாத்திரைகளின் பெயர் வாயில் வராவிட்டால் பரவாயில்லை, அட்டையோடு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள்.

நம்மிடையே உலவும் இரண்டு பயங்களைக் கழற்றிவிடலாம். ஒன்று, இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாதவர் இந்தச் சாயம் ஏற்றக் கூடாது என்பது. ஃப்ளோரசீனில் அயோடின் கிடையாது. இறால் ஒவ்வாமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு, சிறுநீரகம் போய்விடும் என்பது. சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்தோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் அங்கேதான். இந்தச் சாயமும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே டயாலிசிஸ் செய்கிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும், அவர்கள் உடம்பில் நிறம் கூடுதல் நேரம் தங்கும். அவ்வளவுதான்.

உண்மையாகவே கவனிக்க வேண்டிய ஒன்றை யாரும் கேட்பதில்லை. சாயம் நரம்பை விட்டு வெளியே சிந்தினால் எரியும், நன்றாகவே எரியும், திசுவும் புண்படலாம். ஊசி போகும்போது கையில் சுரீரென்றால், நல்ல பிள்ளையாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே சொல்லுங்கள். எனக்கு நினைவிருக்கிற ஓர் ஐயா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கை வீங்கின பிறகு, "உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்னு பார்த்தேன் மிஸ்ஸி" என்றார்.

### சொல்லாத செலவுகள்

பாவை விரிந்தால் நான்கைந்து மணிநேரம் கண் கூசும், கிட்டத்தில் எழுத்துத் தெரியாது. மோட்டார் ஓட்டக் கூடாது. ஆகவே துணைக்கு ஒருவர், அவருக்கும் ஒரு நாள் லீவு. சில இடங்களில் அரைநாளுக்கு டைம் ஸ்லிப் மட்டும் தருவார்கள். ஸ்லிப் கொடுத்தால் மதியம் வேலைக்கு வந்துவிடு என்பார் முதலாளி. லாரி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் தங்கள் வேலை என்ன என்று டாக்டரிடம் விளக்கி எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்க வேண்டும். கெடாவிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி: அங்கே ஞாயிறு வேலைநாள், இங்கே விடுமுறை. தேதியைக் கவனியுங்கள்.

பசியாறுவதைப் பற்றி: கொஞ்சமாகச் சாப்பிட்டு வருவது குமட்டலுக்கு நல்லது. இன்சுலின் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் வரிசையில் உட்கார்ந்து மயங்கி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிடலாமா, இன்சுலின் அளவு என்ன என்று தேதி கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் நிறம். தோல் சில மணிநேரம் மஞ்சளாகும். மறுநாள் மகள் கல்யாணம் என்று ஒருவர் பதறினார். "நலங்கு வைத்ததாக நினைத்துக்கொள்வார்கள்" என்றேன். பொழுது விடிவதற்குள் போய்விட்டது. சிறுநீர் ஒன்றரை நாள்வரை ஹைலைட்டர் பேனா நிறத்தில் போகும். நன்றாகத் தண்ணீர் குடித்தால் போதும். அந்த வாரம் இரத்தச் சோதனையோ சிறுநீர்ச் சோதனையோ இருந்தால் சாயம் ஏற்றியதைச் சொல்லுங்கள், முடிந்தால் சில நாள் தள்ளிப் போடுங்கள். சாயம் முடிவுகளைக் குழப்பும்.

பார்வை குறைந்ததற்குக் காரணம் புரியாதபோது, குழாய் அடைப்பு என்ற சந்தேகம் வரும்போது, புதுக் குழாய் முளைத்திருக்கிறதா என்று ஓரம்வரை தேடும்போது, குழாய்ச் சுவரில் அழற்சி இருக்கும்போது, லேசர் எங்கே பாய்ச்சுவது என்று குறிக்க வேண்டியபோது, மஞ்சள் சாயத்தின் இடத்தில் வைக்க இன்னும் வேறொன்று வரவில்லை.

## பச்சைச் சாயம்: ஐ.சி.ஜி.

இண்டோசயனின் பச்சை. புகைப்படச் சுருள் செய்த கோடாக்கின் ஆய்வுக்கூடத்தில் பிறந்து, இதயத்தின் இரத்த ஓட்டத்தை அளக்கப் பயன்பட்டு, 1959இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது ஒளிர்வது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் பக்கத்து ஒளியில், 830 நானோமீட்டர் வாக்கில். அந்த ஒளி இரத்தத்தையும் நிறமியையும் ஊடுருவி வரும். 98 விழுக்காடு புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் குழாயை விட்டு எளிதில் வெளியேறாது. விளைவு: மஞ்சள் சாயத்துக்கு மங்கலாகத் தெரிகிற அடியடுக்கு இதில் துலங்கும்.

அந்த அடியடுக்குக் குழாய்களில் சின்னச் சின்ன முடிச்சுகள் வந்து இரத்தம் கசியும் நோய் ஒன்று ஆசியர்களிடம் அதிகம். வயதானவர்களின் விழித்திரைத் தேய்வு மாதிரியே தோன்றும். பிரித்துச் சொல்ல இந்தச் சாயம்தான் கை கொடுக்கும். டாக்டர் உங்களிடம் பச்சைச் சாயம் என்று சொன்னால் பெரும்பாலும் அதைத்தான் தேடுகிறார். வெறும் இனிப்புநீர்க் கண்ணுக்கு இது தேவைப்படுவது குறைவு.

குமட்டல் மஞ்சளைவிடக் குறைவு. ஈரல் சில நிமிடங்களில் பிடித்துப் பித்தத்தில் தள்ளிவிடும். சிறுநீர் நிறம் மாறாது. ஆனால் இதில் கொஞ்சம் அயோடைடு இருக்கிறது. ஆகவே அயோடைடு ஒவ்வாமை உள்ளவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

## ஆபரேஷன் என்றால்?

ஆபரேஷனிலும் சாயம் போடுகிறார்களே, அங்கே எது நல்லது என்றும் இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இங்கே தேர்வு பெரும்பாலும் அறுவை மருத்துவருடையது. நீங்கள் செய்யக்கூடியது கேட்பதுதான்.

பித்தப்பை ஆபரேஷனில் அதே பச்சைச் சாயத்தை முன்கூட்டியே நரம்பில் போட்டால், ஈரல் அதைப் பித்தத்தில் தள்ள, கேமராவில் பித்தக் குழாய் ஒளிரும். தவறான குழாயை வெட்டாமல் இருக்க உதவும். பழைய முறை, குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. அதற்கு நேரம் கூட, கதிர்வீச்சும் உண்டு. ஆனால் குழாய்க்குள் கல் மாட்டியிருக்கிறதா என்ற கேள்விக்கு எக்ஸ்ரேயே நன்றாகப் பதில் சொல்லும்.

மார்பகப் புற்றுநோயில், நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் அக்குள் நிணநீர்க் கணுவைத் தேட மூன்று வழி. நீலச் சாயம் எளிது, தனி மெஷின் வேண்டாம். ஆனால் தோலில் நீலக் கறை மாதக்கணக்கில் தங்கலாம், சிறுநீரும் நிறம் மாறும், அபூர்வமாகக் கடும் ஒவ்வாமையும் வரும். கதிரியக்கத் திரவத்துக்கு அணு மருத்துவப் பிரிவு வேண்டும். அதன் வீரியம் ஆறு மணிநேரத்தில் பாதியாகிவிடும், ஆகவே ஆபரேஷன் நேரத்தோடு கச்சிதமாகப் பொருத்த வேண்டும். ஐ.சி.ஜி.க்குக் கதிர்வீச்சும் இல்லை, நீலக் கறையும் இல்லை. ஆனால் விசேஷ கேமரா வேண்டும், ஒளி ஆழத்திலிருந்து வராது, உடம்பு பருத்தவர்களுக்குத் தோல் வழியாகத் தேடுவது சிரமம். பல இடங்களில் இரண்டைச் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். இந்த மூன்றில் எது புதிது என்று பார்ப்பதைவிட, உங்கள் டாக்டருக்கு எதில் கை பழகியிருக்கிறது என்று கேளுங்கள். சங்கடப்படாமல் கேட்கலாம், நல்ல டாக்டர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

## பட்டர்வொர்த் அப்பாவுக்கு நான் எழுதியது

இரண்டு மெஷினில் எது நல்லது என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது, கிளினிக்குக்குப் போன் செய்து, "டாக்டர் எதைப் பார்க்கணும்னு இந்தச் சோதனைக்கு எழுதியிருக்கார்?" என்று மட்டும் கேளுங்கள் என்றேன். மகள் கேட்டார். கண்ணின் இரத்தக் குழாயில் அடைப்பு மாதிரி இருக்கிறது, இரத்தம் போகாத இடம் எவ்வளவு, புதுக் குழாய் முளைத்திருக்கிறதா என்று ஓரம்வரை பார்க்க வேண்டும் என்று பதில் வந்தது.

அப்படியானால் ஊசிதான் என்று எழுதினேன். வீக்கத்தை அளக்க மட்டும் எழுதியிருந்தால், ஊசியில்லாத ஸ்கேன் போதுமா என்று கேட்கச் சொல்லியிருப்பேன். மகன் காரில் பாலம் வழியாகக் கூட்டிவரட்டும், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரை அட்டைகளைப் பையில் போடுங்கள், கை எரிந்தால் உடனே வாயைத் திறக்கச் சொல்லுங்கள், மறுநாள் கழிவறையில் பயந்துவிடாமல் அப்பாவிடம் நிறத்தைப் பற்றி முன்பே சொல்லிவையுங்கள் என்றும் எழுதினேன்.

போன வியாழக்கிழமை ஏற்றியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் அப்பாவே குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஒருமுறை குமட்டியதாம், வாந்தி இல்லையாம், படம் வந்த பிறகு லேசருக்குத் தேதி கொடுத்திருக்கிறார்களாம். கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "மிஸ்ஸி, நீங்க சொன்ன மாதிரியேதான், அசல் ஹைலைட்டர்" என்றார்.